நடைக்கோட்டையின் ஆறு ஓட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கு அடியில் முதலில் ஒரு துணிப்பை நுழைந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த பெண்மணி குனிந்து உள்ளே வந்து, நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. பஸ் டிரைவர் ஒருவரின் மனைவி. யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அந்தக் கடையில் சொந்தக்காரர், லென்ஸ் தீட்டுகிறவர், கண்ணைச் சோதித்து நம்பர் சொல்கிறவர் எல்லாம் அவர் ஒருவரேதான். அந்தப் பகுதியில் யாருக்கு எத்தனை நம்பர் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் யார் மனசில் என்ன இருக்கிறது என்பதும் அத்துப்படி என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பைக் கெடுக்க இதுவரை யாரும் மெனக்கெடவில்லை.

"அண்ணே, எரிஞ்சது, நொறுங்கினது எல்லாம் பார்த்து, எப்படி ஆச்சுன்னு சொல்றவரு இவருதானே?"

அவள் கை காட்டியது சோதனை நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை. அவர் கண்ணாடிக்காரரின் அக்கா கணவர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக முப்பது வருஷம் எரிந்த கடைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் சர்வேயர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எங்க அத்தான்தாம்மா. என்ன எரிஞ்சுது?" கண்ணாடிக்காரர் முறுக்கிக்கொண்டிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார். ஏதாவது பெரிசாக எரிந்திருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது முகத்திலேயே தெரிந்தது.

"எரியலைண்ணே. உருகிடுச்சு."

பையிலிருந்து தட்டு அளவுக்கு ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். வெளிப்பக்கம் கருப்பு. அதன் ஒரு மூலை மட்டும் கரையான் தின்றது போல உள்வாங்கிக் குழிந்திருந்தது. சர்வேயர் பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார்.

அவள் சொன்ன கதை இது. டிரைவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. ஆறேழு நண்பர்கள் மாதம் ஒருமுறை ஒரு ஹாலில் கூடி, பெரிய மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, யுத்தம் நடத்துவார்கள். சிப்பாய்கள் பாதி விரல் உயரம். அவர்களுக்கு வேண்டிய டாங்கி, கோபுரம், கோட்டை எல்லாம் கடையில் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்குகிறவனை டிரைவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். ஃபிரிட்ஜ் வந்த தெர்மாகோல், பற்பசை மூடி, தீர்ந்துபோன பேனா, ஷாம்பு பாட்டில், ஐஸ்கிரீம் குச்சி. இவற்றை வைத்தே எல்லாம் செய்வார். எட்டு மாதமாக அவர் செய்துவந்தது நடைக்கோட்டை, அதாவது கால் முளைத்து நடக்கிற கோட்டை. ஆறு சுவர், ஆறு கால், உச்சியில் பீரங்கி, இரண்டு முழ உயரம். வியாழக்கிழமை காலை கருப்பு ஸ்ப்ரே அடித்து, அறையில் காய வைத்துவிட்டு டூட்டிக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் கோட்டை சரிந்து கிடந்தது. அறை முழுக்கத் தின்னர் வாடை.

"வீட்டுல அன்னிக்கு இருந்தது என் தம்பி மட்டும்தான். மரச்சாமான்களுக்கு பாலீஷ் போடறவன். பட்டறையை மூடிட்டாங்க, அதனால ஆறு மாசமா எங்க கூட இருக்கான். அவனோட தின்னர் டின்னு அதே அறையிலதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் முந்தின நாள் ராத்திரி வாய்த்தகராறு வேற." அவள் துணிப்பையை மடித்துக்கொண்டாள். "இவரு முடிவா சொல்லிட்டாரு. நாலு மணி டூட்டிக்கு இன்னிக்கு நான் கிளம்பறதுக்குள்ள உன் தம்பி பையைத் தூக்கிட்டுப் போயிருக்கணும்னு. போக அவனுக்கு இடம் இல்லைங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி இருக்கு என் நிலைமை. ரெண்டு பேருல யாரு பொய் சொன்னாலும் எனக்குத்தான் வலி."

"வேற யாராவது வந்தாங்களா?" கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார். "கூட விளையாடறவங்க? தோத்துப்போன கடுப்புல எவனாவது?"

"யாரும் வரலைண்ணே. கதவைப் பூட்டிட்டு உள்ளதான் இருந்தேன்னு தம்பியே சொல்றான்."

தனக்கே வேட்டு வைத்துக்கொள்கிற மச்சினன் என்று கண்ணாடிக்காரர் மனசுக்குள் எழுதிக்கொண்டார். சர்வேயர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது எந்தச் சுவரும்மா?"

"தெரியலைங்க. கையில கிடைச்சதை எடுத்துட்டு வந்தேன்." கிளம்பும்போது திரும்பி நின்றாள். "அண்ணே, அவரு கண்ணாடியை மறுபடி பாக்கணுமாம். மூணு தடவை மாத்தியும் சரியில்லைன்னு உங்களைத்தான் திட்டறாரு."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த டிரைவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மூச்சு விடாமல் படிக்கிறவர். லென்ஸில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று முணுமுணுத்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார்.

*

வீடு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை, அதற்குப் பின்னால் டிரைவரின் வேலை அறை. அதையும் தாண்டி ஒரு சந்து. முன்னறை மூலையில் ஒரு ஜிப் பை நிறைந்து நின்றது. அதன் பக்கத்தில் ஸ்டூலில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு இருக்கும். நகக் கண்ணெல்லாம் அரக்கு நிறம். வந்தவர்களைப் பார்த்து எழுந்து நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை.

டிரைவர் உள்ளேயிருந்து வந்தார். வாட்டசாட்டமான ஆள். வரும்போது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, நிலையை முறைத்துவிட்டு வந்தார். சட்டையின் அந்தத் தோளில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருந்தது.

"எதுக்கு சார் உங்களுக்கு வீண் சிரமம்? கையும் களவுமா பிடிக்காத குறைதான். யாருன்னு தெரிஞ்சுபோன விஷயம்."

"தெரிஞ்சுபோன விஷயத்தைத்தான் நான் முப்பது வருஷமா பார்த்துட்டு வந்தேன். ஒருமுறை பார்த்துடறேனே." சர்வேயர் உட்கார்ந்தார்.

மனைவி டீ கொண்டுவந்தாள். கணவருக்கானதை நாற்காலிக்கு இடதுபக்கம் இருந்த சின்ன மேசையில் வைத்துவிட்டுப் போனாள். டிரைவர் ஏதோ சொல்லிக் கையை வீசினார். டம்ளர் உருண்டு தரையெல்லாம் டீ.

"கை படற இடத்துல வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? வலப்பக்கம் வைன்னு சொன்னேனா இல்லையா?" அவர் குரல் உயர்ந்தது. "இவன் வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல வச்சது வச்ச இடத்துல இல்லை சார். ஸ்டூலை நடுவுல போடறான், வாளியை வழியில வைக்கறான். என் முழங்காலைப் பாருங்க."

அவர் வேட்டியை விலக்கிக் காட்டினார். இடது முழங்காலுக்குக் கீழே பழையதும் புதியதுமாக நாலைந்து கன்றிய தடங்கள்.

"நான் எதையும் நகத்தலை மாமா," என்றான் மச்சினன். இதைப் பலமுறை சொல்லி அலுத்துப்போன குரல். மாமா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடிக்காரர், மச்சினன் இடத்திலிருந்தே வாழ்க்கையை ஓட்டியவர் என்பதால், அவன்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டார். ஆனால் இரக்கம் வேறு, துப்பு வேறு. முந்தின நாள் தகராறு, கையில் தின்னர், வீட்டில் தனி ஆள். முடிச்சு தானாகவே அவிழ்ந்து கிடக்கிறது. அத்தான் ஏன் இன்னும் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

*

வேலை அறையில் கோட்டை சரிந்தபடியே கிடந்தது. தொட விடவில்லையாம் டிரைவர். சைக்கிள் சக்கரத்தின் அச்சைப் பொருத்திய ஒரு பலகைமேல் அது நின்றது. பலகையைத் தள்ளினால் கோட்டையும் சேர்ந்து சுற்றும். பேனாக்குழாய் பீரங்கிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஷாம்பு பாட்டிலில் செய்த உச்சிக் கோபுரம் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. சுவரையொட்டிச் சிப்பாய் நிற்க ஐஸ்கிரீம் குச்சியில் நடைமேடை. அதில் ஏற சல்லடைக் கம்பியில் படி. உருகாத இடங்களைப் பார்த்தபோது கண்ணாடிக்காரருக்கே வயிறு எரிந்தது. எட்டு மாத உழைப்பு.

"எப்படிச் செய்வீங்க? ஒரு தடவை சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

கோபத்தில் இருந்தவர்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு டிரைவரால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"தெர்மாகோல் மேல நேரா ஸ்ப்ரே அடிச்சா தண்ணியில போட்ட சர்க்கரைதான் சார், கரைஞ்சுடும். அதுல இருக்கற ரசாயனம் அப்படி. அதுக்குத்தான் முதல்ல வெள்ளைப் பசையைப் பூசி ஒரு தோல் போட்டுடணும். ஆனா பசை காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. எங்க பூசினோம், எங்க விட்டோம்னு ஒண்ணும் புரியாது. புதுசா வர்றவன் எல்லாம் அங்கதான் கோட்டை விடுவான். நான் பசையில கருப்பு மை கலந்துடுவேன். கருப்பா இருந்தா பூசியாச்சு. வெள்ளையா இருந்தா விட்டாச்சு. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும்."

"யார் பூசினது?"

"நான்தான். புதன்கிழமை. இவனை இதைத் தொட விடுவேனா? இந்த முக்காலியில உட்காந்து, கிட்டக்க வச்சு, ஒவ்வொரு சுவரா பலகையைச் சுத்திச் சுத்தி."

"ஸ்ப்ரே?"

"வியாழக்கிழமை காலையில, பின்னாடி சந்துல. நல்ல வெயில். ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் அடிச்சேன். எல்லாம் கருப்பு. அடிச்சு முடிச்சு உள்ள வச்சுட்டு டூட்டிக்கு ஓடினேன்."

சர்வேயர் முக்காலியில் உட்கார்ந்தார். பலகையை மெதுவாகத் தள்ளினார். ஒரு சுவர் வந்தது. அதன் இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு குழி. அடுத்த சுவர். அதிலும் இடப்பக்கக் கீழ்மூலையில். துணிப்பையில் வந்த துண்டை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். அதுவும் அதே மூலை. ஆறு சுவருக்கும் ஆறு குழி, ஏறக்குறைய ஒரே அளவு. தெர்மாகோல் மேல்தளத்தை விரலால் தட்டினார். அது கல்லு மாதிரி இருந்தது. கீழே ஆறு மூலையும் போனதால்தான் பாரம் தாங்காமல் மேலே இருந்தது சரிந்திருக்கிறது.

"தம்பி, உங்க தின்னர் டின்னைக் கொஞ்சம் திறங்க."

மச்சினன் அலமாரிக்கு அடியிலிருந்து டின்னை எடுத்தான். மூடியைச் சுற்றிப் பழைய அரக்கு வழிந்து கெட்டித்திருந்தது. கையால் திருகினான், அசையவில்லை. ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பியபோது அரக்கு சில்லுச் சில்லாக உடைந்து தரையில் விழுந்தது.

"வேலை போனதுலேர்ந்து திறக்கலைங்க," என்றான். "திறக்க என்ன இருக்கு."

கண்ணாடிக்காரரின் துப்பு அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவர் விட்டுவிடுகிற ஆள் இல்லை. "வேற டின்னு இருக்கலாமே அத்தான்," என்று காதோரம் சொன்னார். சர்வேயர் அதற்குள் சுவரோரத் தட்டில் வரிசையாக இருந்த பழைய மாதிரிகளைப் பார்க்கப் போய்விட்டார். டாங்கிகள், ஒரு ரயில் எஞ்சின், இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் செய்த வருஷமும் மாதமும் எழுதியிருந்தது. இரும்புத் தகடுபோலத் தெரிவதற்கு, ஓரமெல்லாம் ஊசி முனையால் பசைப் பொட்டு வைத்து ஆணித் தலை செய்திருந்தார் டிரைவர். பழைய டாங்கியில் சுற்றிலும் ஒரு ஆணி தப்பவில்லை. போன வருஷக் கோபுரத்தில் இடப்பக்கம் கீழே மூன்று ஆணி இல்லை. இந்த வருஷ எஞ்சினில் அதே பக்கம் கீழ்வரிசையே இல்லை.

சர்வேயர் அந்த எஞ்சினை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கண்ணாடிக்காரரைச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அது சந்து என்றுகூடச் சொல்ல முடியாது. எதிர்ச்சுவர் முதுகை உரசியது. கோட்டையை வைத்துவிட்டு முன்னால் நின்றால் மூக்குக்கும் கோட்டைச் சுவருக்கும் ஒரு முழம்கூட இராது.

"பின்னால தள்ளி நின்னு பார்க்க வழியில்லை, பாத்தியா மாப்ளே," என்றார். "எல்லாம் கிட்டக்க நின்னுதான். நீ அவருக்குக் கண் டெஸ்ட் பண்ணப்போ என்ன பண்ணினே?"

"எழுத்து படிக்க வச்சேன். தூரம், கிட்டம். பிரமாதமா படிச்சாரு."

"வேற?"

"வேற என்ன இருக்கு?" என்று சொல்லத் தொடங்கிய கண்ணாடிக்காரர் பாதியில் நின்றார். சுண்ணாம்புத் தோள் நினைவுக்கு வந்தது. உருண்ட டம்ளர், கன்றிய கால், இல்லாத ஆணிகள். மூன்று முறை மாற்றியும் சரியாகாத லென்ஸ்.

"அத்தான், அவரு பஸ் ஓட்டறாரு."

"அதான் மாப்ளே. மணி ரெண்டே கால் ஆச்சு. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும். உள்ள போய்ச் சொல்லாம வர்றதுக்கு எனக்கு ஒரு வழி சொல்லு, கேட்டுக்கறேன்."

கண்ணாடிக்காரருக்கு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுதான் தோன்றியது.

*

முன்னறையில் ஐந்து பேரும் கூடினார்கள். மச்சினன் பையைத் தோளில் மாட்டத் தயாராக மடியில் வைத்திருந்தான். மனைவி கதவோரம் நின்றுகொண்டாள்.

"முதல்ல உங்க மச்சான் விஷயம்," என்றார் சர்வேயர் டிரைவரிடம். "தின்னரை எடுத்து ஊத்தறவன் மேலேர்ந்து ஊத்துவான். அது மேல்தளத்தைத் தின்னுட்டுக் கோடு கோடா கீழ வழியும். உங்க கோட்டையில மேல்தளம் அப்படியே இருக்கு. இவரு டின்னு ஆறு மாசமா திறக்கலை, நீங்களே பார்த்தீங்க. அறையில வந்தது உங்க ஸ்ப்ரேயோட வாடை. மூடின அறைக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இவரு பண்ணலை."

மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்போ யாரு?" என்றார் டிரைவர்.

"யாரும் இல்லை. கருப்புத் தோல் இருந்த இடமெல்லாம் ஸ்ப்ரே ஒண்ணும் பண்ணலை. தோல் இல்லாத இடத்தை மட்டும் கரைச்சிருக்கு. பசை படாத இடம் ஆறு. அதுமேல நீங்களே ஸ்ப்ரே அடிச்சிருக்கீங்க."

டிரைவர் சிரித்தார். "சார், என்னைப் பார்த்து? கருப்புக்கு நடுவுல வெள்ளையா இருந்தா எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே மையே கலக்கறேன்."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். ஒரு மூலையை மறந்தா அது கைமறதி. ஆறு சுவர்லயும் அதே மூலையை விட்டா அது மறதி இல்லை. கோட்டை சுத்துது, சுவர் மாறுது, மூலை மாறலை. மாறாம இருந்தது ஒண்ணே ஒண்ணு, முக்காலியில உட்காந்திருந்த ஆளு." சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "கிட்டக்க உட்காந்து சுவரோட நடுவைப் பார்க்கறீங்க. இடப்பக்கம் கீழ இருக்கறது உங்களுக்கு வரலை. பூசும்போதும் வரலை, மறுநாள் சந்துல வெயில்ல சுத்திப் பார்க்கும்போதும் வரலை. ரயில் எஞ்சின்ல ஆணி இல்லாததும் அந்தப் பக்கம்தான். டம்ளர், ஸ்டூல், வாளி எல்லாம் அந்தப் பக்கம்தான். உங்க மச்சான் எதையும் நகத்தலைங்க."

"கண்ணு நல்லாதான் இருக்கு. கடைசி வரி வரைக்கும் படிக்கறேன். இவரையே கேளுங்க." டிரைவர் கண்ணாடிக்காரர் பக்கம் விரலை நீட்டினார். "சொல்லுங்க சார்."

எல்லாரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். துப்பு துலங்குகிற நேரத்தில் தன் பக்கம் எல்லாரும் திரும்ப வேண்டும் என்று எத்தனையோ தடவை ஆசைப்பட்டவர் அவர். இன்றைக்குத் திரும்பியபோது தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து இன்னொரு ஸ்டூலை இழுத்து டிரைவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"என் மூக்கையே பாருங்க. கண்ணை அசைக்கக் கூடாது. என் விரலை ஓரத்துலேர்ந்து கொண்டுவருவேன். எப்போ தெரியுதோ அப்போ சொல்லுங்க."

வலப்பக்கம் விரல் வந்தது. "தெரியுது," என்றார் டிரைவர் உடனே. வலப்பக்கம் கீழே. "தெரியுது." இடப்பக்கம் மேலே. "தெரியுது. நான்தான் சொன்னேனே."

கண்ணாடிக்காரர் தன் வலது கையைத் தாழ்த்தி, டிரைவரின் இடது முழங்கால் பக்கமிருந்து விரலை ஆட்டிக்கொண்டே மேலே கொண்டுவந்தார். அறையிலிருந்த எல்லாருக்கும் அந்த விரல் தெரிந்தது. இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. டிரைவர் மூக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ம், ஆரம்பிங்க," என்றார்.

விரல் ஆடிக்கொண்டே முகத்துக்கு முன்னால் வந்தது. மூக்கை நெருங்கியபோதுதான் டிரைவர் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தார். அவர் முதலில் பார்த்தது விரலை. பிறகு தன் மனைவியின் முகத்தை. அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எப்போ ஆரம்பிச்சீங்க?" என்று அவர் கேட்டார்.

கண்ணாடிக்காரர் விரலை மடக்கிக்கொண்டார். "என் தப்பும் இருக்குங்க," என்றார். "மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் லென்ஸைத்தான் மாத்தினேன். இதை ஒரு தடவை பண்ணிப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை."

"புதுக் கண்ணாடி போட்டா வந்துடும்ல அண்ணே?" மனைவி கேட்டாள்.

"இது கண்ணாடி விஷயம் இல்லைம்மா. உள்ள நரம்புல இருக்கலாம், வேற எதுவா வேணா இருக்கலாம். நாளைக்கே பெரிய டாக்டரைப் பாக்கணும். இருக்கற பார்வையைக் காப்பாத்த அவங்க வழி சொல்வாங்க. போனது திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது. வரும்னு பொய் சொல்லவும் முடியலை."

டிரைவர் தன் இடது கையை நீட்டி, தூக்கி, இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, சிக்னல் தாண்டி வண்டியை ஓரங்கட்டறேன். பஸ்ல இருந்த ஒரு பொம்பளை கத்தினா. பிரேக் போட்டுப் பார்த்தா முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒருத்தன் சைக்கிளோட நிக்கறான். எங்கேர்ந்துடா வந்தேன்னு அவனைத்தான் திட்டினேன். பின்னால ஒரு சின்னப் பொண்ணை உட்கார வச்சிருந்தான். வீட்டுக்கு வந்து சோறு இறங்கலை. கண்ணாடிதான் சரியில்லைன்னு மறுநாள் உங்க கடைக்கு வந்தேன்." நீட்டியிருந்த கையை இறக்கினார். "இருபத்திரெண்டு வருஷம் சார். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

கண்ணாடிக்காரர் அத்தானைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அத்தானிடம் ஒரு வார்த்தை இருக்கும். இன்று அவரும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை எரிந்தவனுக்காவது கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. இந்த மனுஷனுக்குக் கொடுக்க இருவரிடமும் ஒன்றும் இல்லை.

"தம்பி பண்ணலைன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் மனைவி. அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "சொல்லிட்டீங்க. இப்போ நான் என்னங்க பண்றது?"

சர்வேயர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியலைம்மா," என்றார்.

"நான் மாமாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்க்கா," என்றான் மச்சினன். ஒரு வாரத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

டிரைவர் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினார். இப்போது கவனித்தபோதுதான் கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது, தன் இடப்பக்கம் இருப்பவரைப் பார்க்க அவர் கழுத்தை எவ்வளவு தூரம் திருப்ப வேண்டியிருக்கிறது என்பது.

"பையைப் பிரி," என்றார் அவனிடம். "நான் சொன்னதெல்லாம்..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல், அவன் முழங்காலைத் தட்டினார்.

மணி மூன்று அடித்தது. கொடியில் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் எழுந்தார். மனைவி சட்டென்று கதவுக்குக் குறுக்கே நகர்ந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சட்டையைத் தாண்டிப் போய் போனை எடுத்தார்.

டெப்போவில் அழைப்பை எடுத்தவரிடம் எப்போதும் பேசுகிற குரலில்தான் பேசினார். நலம் விசாரித்தார். நாலு மணி வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொன்னார். இல்லை, ஜுரம் இல்லை என்றார். லீவு எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஒவ்வொருவர் முகமாகத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்குன்னு கேக்கறாங்க," என்றார்.